ஹெடிங்லியில் ஒரு சலூன்: வெட்டும் சரி, அதற்கு வேண்டிய ஆங்கிலமும் சரி

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், ஹெடிங்லி கிரிக்கெட் மைதானத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் ஒரு சலூன் இருக்கிறது. சாலையைப் பார்த்த முன்பகுதி ஆண்களுக்கு. ஒரு மரத் தடுப்புக்கு அப்பால் பெண்களுக்கான நாற்காலிகளும் தலை அலசும் தொட்டிகளும் உள்ளன. என் கணவர் முன்பகுதியிலும் நான் பின்பகுதியிலும் சில ஆண்டுகளாக அங்கேதான் முடி வெட்டிக்கொள்கிறோம் என்பதால், ஒரே கடையின் இரண்டு பக்கங்களைப் பற்றியும் எழுத முடிகிறது. குறைகளையும் எழுதப்போவதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். தவிரவும், இங்கே நான் சொல்லவிருப்பதில் பெரும்பகுதி அந்த நாட்டின் எந்தச் சலூனுக்கும் பொருந்தும்.

லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ போன்ற இடங்களில் குடியிருப்பவர்களுக்கு, எப்படி வெட்டவேண்டும் என்பதை ஆங்கிலத்தில் விளக்கும் கவலை பெரிதாக இருக்காது. அங்கே தமிழிலேயே "பக்கத்துல குறைச்சுடுங்க, மேல கை வைக்காதீங்க அண்ணா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ள ஆள் கிடைத்துவிடும். படிக்கவோ, மருத்துவமனை வேலைக்கோ, மென்பொருள் வேலைக்கோ வேறு ஊர்களில் வந்து இறங்கும் தமிழர்களுக்குத்தான் சிக்கல். அலுவலகக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் தடையின்றி ஆங்கிலம் பேசுகிறவர்கள்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் "ஷார்ட், பட் நாட் டூ ஷார்ட்" என்பதைத் தாண்டிப் போகமுடியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்தக் கடையை ஒரே அளவுகோலால் மதிப்பிடுகிறேன்: நடுத்தர ஆங்கிலம் தெரிந்த ஒரு வாடிக்கையாளரின் மனத்தில் இருப்பதை இவர்கள் எவ்வளவு தூரம் கேட்டு வாங்குகிறார்கள், வாடிக்கையாளர் தன் பங்குக்கு எந்தச் சொற்களைக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது என்பதே அது.

அந்த வகையில் கடை தேறிவிடுகிறது. கத்தரியை எடுப்பதற்கு முன் பேசும் பேச்சுக்கு அங்கே கன்சல்டேஷன் என்று பெயர்; இந்தச் சலூனில் மூத்தவர்கள் அதை அவசரப்படுத்துவதில்லை. உலர்ந்த முடியைக் கையில் அள்ளிப் பார்த்து, எந்தப் பக்கம் வகிடு, எங்கே சுழி, கடைசியாக எப்போது வெட்டியது, காலையில் தலைவார எவ்வளவு நேரம் ஒதுக்குவீர்கள் என்றெல்லாம் கேட்ட பிறகே துணியைக் கழுத்தில் கட்டுகிறார்கள். பிரிட்டனில் முடிதிருத்தும் தொழில் செய்ய உரிமம் எதுவும் கட்டாயமில்லை. 1964ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் பதிவு செய்துகொள்வதை அவரவர் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. சுவரில் சான்றிதழ் மாட்டியிருந்தால் நல்லதுதான். ஆனால் புதிய கடையில் ஒருவரை எடைபோட அந்த முதல் ஐந்து நிமிடப் பேச்சைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கேள்வியே கேட்காமல் தண்ணீரைப் பீய்ச்சத் தொடங்குகிறவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

முதல் தடை கடைக்குள் நுழையும் முன்பே, முன்பதிவுப் பக்கத்தில் வருகிறது. நான்கைந்து வகை வெட்டுகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. எதற்கும் விளக்கம் கிடையாது. 'வெட் கட்' என்றால் தலையை அலசி, ஈரத்திலேயே வெட்டி, ஈரத்தோடு அனுப்பிவிடுவார்கள். லீட்ஸின் ஜனவரிக் காற்றில் ஈரத்தலையோடு பேருந்துக்கு நிற்பது எப்படியிருக்கும் என்பதை யோசித்துக்கொண்டு அதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். 'கட் அண்ட் ஃபினிஷ்' அல்லது 'கட் அண்ட் ப்ளோ டிரை' என்றால் வெட்டிய பின் காயவைத்து வடிவாக்கியும் தருவார்கள். விலை கணிசமாகக் கூடும். 'டிரை கட்' உலர்ந்த முடியில் வெட்டுவது. 'ரீஸ்டைல்' என்பது நீண்ட முடியைத் தோள்வரை குறைப்பது போல வடிவத்தையே மாற்றுவது. அதற்கு நேரமும் பணமும் அதிகம். இருக்கும் வடிவத்தையே வைத்துக்கொண்டு நுனியை மட்டும் எடுக்க விரும்புகிறவர், பெயர் அழகாக இருக்கிறதே என்று ரீஸ்டைலைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பணம்தான் வீண். வெட்டுபவரின் படிநிலைக்கேற்பவும் விலை மாறும்: ஸ்டைலிஸ்ட், சீனியர் ஸ்டைலிஸ்ட், டைரக்டர் என்று ஏறிக்கொண்டே போகும். இந்த டைரக்டர் கம்பெனியின் இயக்குநராக இருக்கவேண்டியதில்லை. மூத்த கைக்காரர் என்று பொருள் கொண்டால் போதும். இவற்றையெல்லாம் பக்கத்திலேயே இரண்டு வரியில் விளக்கியிருக்கலாம் என்பது இந்தக் கடைமீது எனக்குள்ள முதல் மனத்தாங்கல்.

உள்ளே போனதும் வரவேற்பு மேசையிலிருந்து "யூ ஆல்ரைட், லவ்?" என்ற குரல் வரும். உடம்புக்கு என்ன என்று கேட்கிறார்கள் என எண்ணி நலம் விசாரிப்புக்குப் பதில் சொல்லத் தொடங்கவேண்டாம். "என்ன வேண்டும், வாருங்கள்" என்பதுதான் அதன் உட்பொருள். லீட்ஸ் இருக்கும் யார்க்ஷயர் வட்டாரத்தில் ஆண், பெண், கிழவர், குமரர் எல்லோருமே 'லவ்'தான். நம் ஊரில் முன்பின் தெரியாதவரை அண்ணா, அக்கா என்பதற்கு நிகரான மரியாதை அது, வேறொன்றுமில்லை. "ஐ ஹாவ் அன் அப்பாயிண்ட்மெண்ட் அட் லெவன்" என்று நேரத்தைச் சொன்னால் போதும். முன்பகுதியில் ஆண்களுக்குப் பெரும்பாலும் முன்பதிவு வேண்டியதில்லை, "டூ யூ டேக் வாக் இன்ஸ்?" என்று கேட்டுவிட்டு உட்காரலாம்.

ஆண்கள் பகுதியில் வெட்டுகிறவர்களில் இருவர் துருக்கியிலிருந்து வந்தவர்கள். நாற்காலிக்கு முன்னும் பின்னும் ஆங்கிலம் இரண்டாவது மொழிதான் என்பதால் அங்கே ஒருவித நிம்மதி நிலவுகிறது. சுற்றிவளைத்த மரியாதைத் தொடர்கள் இல்லாமல் எண்ணும் இடமும் மட்டும் பேசிக்கொள்கிறார்கள். ஒருமுறை என் கணவர் உச்சந்தலையைக் காட்டி "ஒன் இஞ்ச்" என்றார். வெட்டுபவர் மெஷினைக் கீழே வைத்துவிட்டு, அவர் தலைமுடியை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து நிமிர்த்தி, முதலில் விரலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த நுனியைத் தொட்டு "ஒன் இஞ்ச் ஆஃப்?" என்றும், பிறகு விரல்களை மண்டையோட்டை ஒட்டி இறக்கி "ஆர் லீவ் ஒன் இஞ்ச்?" என்றும் கேட்டார். முதலாவது ஓர் அங்குலத்தை எடுப்பது. இரண்டாவது ஓர் அங்குலத்தை மட்டும் விட்டுவைத்து மற்றதையெல்லாம் எடுத்துவிடுவது. மூன்று அங்குல முடி உள்ளவருக்கு இரண்டும் வெவ்வேறு முகங்கள். 'ஆஃப்' என்பதா 'லீவ்' என்பதா என்ற அந்த ஒற்றைக் கேள்விக்காகவே இந்தக் கடைக்கு ஒரு நட்சத்திரம் கூடுதலாகத் தரலாம்.

பக்கவாட்டுக்கும் பின்பக்கத்துக்கும் எண்தான் மொழி. மெஷினில் மாட்டும் சீப்புக்கு ஓர் எண் உண்டு. ஒவ்வோர் எண்ணும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கூடும். நம்பர் ஒன் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும், இரண்டு 6, மூன்று 10, நான்கு 13, எட்டு ஏறத்தாழ 25. நம்மவர்களின் கறுத்த அடர்ந்த முடிக்கு நம்பர் ஒன்னில் தோல் தெரியும். இரண்டில் ஒட்ட வெட்டியது போலிருக்கும். மூன்றோ நான்கோ அலுவலகத்துக்குப் போகிற சாதாரணத் தோற்றம். எண் உறுதியாகத் தெரியாதபோது பெரிய எண்ணில் தொடங்கச் சொல்வதே புத்திசாலித்தனம், ஏனென்றால் நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கலாம், இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏற முடியாது. "நம்பர் த்ரீ பேக் அண்ட் சைட்ஸ், சிஸர்ஸ் ஆன் டாப்" என்ற ஒரே தொடர் பாதி ஆண்களின் தேவையைத் தீர்த்துவிடும். பின்னும் பக்கமும் மூன்றாம் எண், மேலே கத்தரி மட்டும் என்று அதற்குப் பொருள்.

பக்கவாட்டு முடி மேலிருந்து கீழே வரவரக் குட்டையாகி மங்கிப்போகும் வெட்டுக்கு 'ஃபேட்' என்று பெயர். அதைக் கேட்பவர்கள் இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்லவேண்டும்: எங்கிருந்து தொடங்கி மங்கவேண்டும், எவ்வளவு குட்டையிலிருந்து தொடங்கவேண்டும். காதை ஒட்டிய உயரத்தில் முடிந்தால் 'லோ', நெற்றிப்பொட்டு உயரத்தில் 'மிட்', அதற்கும் மேலே போனால் 'ஹை'. தோலிலிருந்தே தொடங்கினால் 'ஸ்கின் ஃபேட்'. வெறுமனே ஃபேட் என்று சொன்னால் இந்தக் கடையில் திருப்பிக் கேட்கிறார்கள். கேட்காத கடைகளில் காதுக்கு மேல் மூன்று விரற்கடை வெள்ளையாகத் தெரிய வீட்டுக்குப் போகவேண்டியிருக்கும். மங்கல் அவ்வளவு கூர்மையாக வேண்டாம், கிருதாவிலும் பிடரியிலும் மட்டும் மெல்லக் குறைந்தால் போதும் என்கிறவர்களுக்கு 'டேப்பர்' என்ற சொல் போதும்.

பிடரியில் முடி எப்படி முடியவேண்டும் என்ற கேள்வியை நம் ஊர்ச் சலூனில் யாரும் கேட்பதில்லை. கத்தியால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். இங்கே "ஸ்கொயர் ஆர் நேச்சுரல்?" என்று கேட்பார்கள். நேர்கோடாக வெட்டினால் முதல் வாரம் மிடுக்காக இருக்கும், அடுத்த வாரமே கோட்டுக்குக் கீழே முளைவிட்டு அழுக்குப் போலத் தெரியும். மாதம் ஒருமுறைதான் சலூனுக்குப் போவேன் என்கிறவர்களுக்கு 'நேச்சுரல்' நல்லது. கிருதாவுக்கு 'சைட்பர்ன்ஸ்' என்பது எல்லோருக்கும் தெரியும். காதின் எந்த இடத்தோடு நிற்கவேண்டும் என்பதை விரலால் தொட்டுக் காட்டிவிடுவது வார்த்தையைவிட நிச்சயம். இரட்டைச் சுழிக்கு 'டபுள் கிரௌன்' என்று பெயர். இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு கல்யாணம் என்று நம் பாட்டிமார்கள் சொன்னது துருக்கிக்காரருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் சுழி உள்ள இடத்தில் முடியைக் கொஞ்சம் நீளமாக விடாவிட்டால் குத்திட்டு நிற்கும் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. முடிவில் எரியும் பஞ்சைக் காதோரம் தட்டி மெல்லிய முடிகளைப் பொசுக்குவது துருக்கிய வழக்கம். அது வேண்டாமென்றால் முன்கூட்டியே "நோ ஃப்ளேம், ப்ளீஸ்" என்று சொல்லிவிடலாம்; யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

பெண்கள் பகுதியில் ஆங்கிலம் இன்னும் கொஞ்சம் வேண்டும். முதலில், நம் ஊர் பியூட்டி பார்லரில் நாம் ஆங்கிலம் என்று நம்பிப் பேசிய பெயர்கள் பல இங்கே செல்லுபடியாகாது. 'ஸ்டெப் கட்' என்று கேட்டால் குழப்பமாகப் பார்ப்பார்கள். முடியில் படி தெரிவதை இங்கே வெட்டத் தெரியாததன் அடையாளமாகத்தான் எண்ணுவார்கள். 'லாங் லேயர்ஸ்' என்பதே நாம் கேட்க நினைப்பதற்கு நெருக்கமானது. 'யு கட்', 'வி கட்' என்பவற்றைக் கையால் முதுகில் வரைந்து காட்டினால் புரிந்துகொள்கிறார்கள். ஒரே நேர்கோடாக வேண்டுமென்றால் 'ப்ளண்ட்' அல்லது 'ஒன் லெங்த்' என்று கேட்கலாம். நெற்றியில் விழும் முடிக்கு அமெரிக்கக் காணொளிகளில் கேட்டுப் பழகிய 'பேங்ஸ்' இங்கே வழக்கிலில்லை, 'ஃபிரிஞ்ச்' என்பார்கள். முகத்தின் இரு பக்கமும் சரியும் குட்டை முடி மட்டும் போதும், நெற்றியை மறைக்கவேண்டாம் என்றால் 'ஃபேஸ் ஃப்ரேமிங்' என்று சொல்லிவிட்டு, மிகக் குட்டையான இழை கன்னத்தில் நிற்கவேண்டுமா தாடையில் நிற்கவேண்டுமா என்று தொட்டுக் காட்டவேண்டும். இந்தத் தொடுபுள்ளியைச் சொல்லாவிட்டால் மூக்கின் உயரத்தில் ஒரு கொத்து தொங்கும். ஆறு மாதம் கிளிப் போட்டு மறைக்கவேண்டியதுதான். முடி மாதத்துக்கு ஏறத்தாழ அரை அங்குலம்தான் வளர்கிறது.

'ட்ரிம்' என்ற சொல்லை நான் நம்புவதேயில்லை. நமக்கு அது நுனியை மட்டும் தொடுவது; வெட்டுபவருக்கோ, நுனி பிளந்த இடம் வரைக்கும் எடுப்பது. பிளவு மூன்று அங்குலம் ஏறியிருந்தால் அவர் கணக்கில் அந்த மூன்று அங்குலமும் ட்ரிம்தான். 'எ கப்புள் ஆஃப் இஞ்சஸ்' என்பதும் இதே வகை. இரண்டா, மூன்றா என்பது சொல்பவரின் மனநிலையைப் பொறுத்தது. பிரிட்டனில் சாலைத் தொலைவை மைலிலும் முடியை அங்குலத்திலும்தான் இன்னும் பேசுகிறார்கள் என்பதால் சென்டிமீட்டரில் சொல்லிப் பயனில்லை. இந்தக் கடையின் மூத்த பெண்மணி ஒருவர் செய்யும் காரியம் எனக்கு மிகவும் பிடித்தது: முடியின் ஒரு கற்றையை முன்னால் எடுத்துப்போட்டு, சீப்பின் முனையை அதன்மேல் வைத்து, "ஹியர்?" என்று கேட்டுக்கொண்டே மெல்ல மேலே ஏற்றுகிறார். நான் நிறுத்தச் சொன்ன இடத்தில் சீப்பை அப்படியே பிடித்தபடி, "உலர்ந்தால் இன்னும் முக்கால் அங்குலம் மேலே போகும், அதனால் சற்றுக் கீழே வெட்டுகிறேன்" என்று சொன்னார். ஈரத்தில் முடி இழுபட்டு நீளும், காய்ந்ததும் சுருங்கும். சுருட்டை முடிக்கு இந்தச் சுருக்கம் மிக அதிகம். "இட் ஷ்ரிங்க்ஸ் எ லாட் வென் இட்ஸ் டிரை" என்ற தொடரை, அலை முடியோ சுருட்டை முடியோ உள்ள ஒவ்வொருவரும் தங்களோடு எடுத்துப்போகவேண்டும்.

அதையொட்டிக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு: "ஆர் யூ யூஸ்ட் டு கட்டிங் கர்லி ஹேர்?" இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். தயங்கவே வேண்டியதில்லை. ஆப்பிரிக்க முடி, சுருட்டை முடி ஆகியவற்றில் பயிற்சி என்பது பிரிட்டனின் முடிதிருத்தும் தொழிலுக்கான தேசியத் தரநிலைகளுக்குள் 2021ஆம் ஆண்டில்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பயின்றவர்களில் மெல்லிய நேர்முடியை மட்டுமே வெட்டிப் பழகியவர்கள் ஏராளம். நமது அடர்ந்த முடியைக் கண்டதும் அவர்கள் கை, பல் வைத்த கத்தரிக்குப் போகும். "ஷல் ஐ டேக் சம் வெயிட் அவுட்?" என்று கேட்டால், உள்ளிருந்து முடியை மெலிதாக்கட்டுமா என்று பொருள். சுருட்டை முடியில் அளவுக்கு மீறி மெலிதாக்கினால் பரட்டை கூடும். "ஜஸ்ட் எ லிட்டில், நாட் நியர் தி ரூட்ஸ்" என்று எல்லை வகுத்துவிடுவது நல்லது. இந்தக் கடையில் இளையவர் ஒருவர் என் தோழியைக் கேட்காமலே பல் கத்தரியை எடுத்தார். நிறுத்தச் சொன்னதும் உடனே நிறுத்தி மூத்தவரை அழைத்துவந்தார் என்பதையும் சொல்லியாகவேண்டும்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. தேங்காயெண்ணெய் வைத்த தலையோடு போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் டிரை கட்டுக்கு எண்ணெய்த் தலை ஒத்துவராது. "தேர் இஸ் கோகனட் ஆயில் இன் மை ஹேர்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் இரண்டு முறை ஷாம்பு போடுவார்கள்.

சாயம் போடுவதாக இருந்தால் வெட்டைவிட அதிகம் பேசவேண்டும். இங்கே ஒரு சொல்லை விட்டுவிட்டால் முடி மட்டுமல்ல, தோலும் பாதிக்கப்படும். நம் வீடுகளில் நரைக்கு மருதாணிப் பொடி குழைத்துப் போடுவது சாதாரணம். மருதாணியின் நிறப்பொருள் முடியின் புரதத்தோடு பிணைந்துவிடுவதால் பின்னர் அதன்மேல் ப்ளீச் போட்டால் எந்த நிறம் எழும் என்று சொல்ல முடியாது. பொடியில் உலோக உப்புகள் கலந்திருந்தால், சலூன் பயன்படுத்தும் ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றோடு வினைபுரிந்து சூடேறி முடியே நொறுங்கும் அபாயம் உண்டு. 'கறுப்பு மருதாணி' என்ற பெயரில் விற்கும் பல பொடிகளில் கறுப்பைத் தருவது மருதாணியே அல்ல, சாயங்களில் சேர்க்கும் பிபிடி என்ற வேதிப்பொருள். அது சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை உடம்பு அதை வெறுக்கத் தொடங்கிவிட்டால் அடுத்த முறை வினை இன்னும் கடுமையாகும். எனவே "ஹாவ் யூ ஹாட் எனி கலர் ஆன் யுவர் ஹேர்?" என்று கேட்கும்போது, சலூன் சாயம் போட்டதில்லையே என்று நினைத்து "நோ" என்று சொல்லிவிடக்கூடாது. "ஐ ஹாவ் யூஸ்ட் ஹென்னா" என்று சொல்லி, எத்தனை மாதத்துக்கு முன் என்பதையும், முடிந்தால் பொட்டலத்தின் படத்தையும் காட்டவேண்டும்.

இந்தச் சலூன் இதில் மிகக் கண்டிப்பாக இருக்கிறது. சாயத்துக்கு 48 மணி நேரம் முன்பு காதின் பின்புறமோ முழங்கை மடிப்பிலோ துளி சாயம் தடவிப் பார்க்கும் 'பேட்ச் டெஸ்ட்' செய்யாமல் ஒருவரையும் நாற்காலியில் உட்காரவைப்பதில்லை. வேறு ஊரிலிருந்து சனிக்கிழமை மட்டும் வர முடிந்த ஒரு மாணவி மன்றாடியும் மறுத்துவிட்டதை நேரில் பார்த்தேன். அவளுக்கு எரிச்சல், எனக்குக் கடைமீது மதிப்பு. அரிப்போ தடிப்போ வந்தால் சொல்லவேண்டிய சொற்கள் எளியவை: "இட் வாஸ் இட்சி", "ஐ காட் எ ராஷ்". நரையை மட்டும் மறைக்க 'ரூட் டச் அப்', தலை முழுதும் என்றால் 'ஃபுல் ஹெட்', அங்கங்கே இழையாக என்றால் 'ஹைலைட்ஸ்'. கறுத்த முடியில் வெளிர் நிறம் கேட்டால் முதலில் செம்பட்டையாகத்தான் எழும். அதைத் தணிக்க 'டோனர்' போடுவார்கள், அதற்கும் தனிக் காசு. "இஸ் தி டோனர் இன்க்ளூடட்?" என்று கேட்காமல் சாயத்துக்கு உட்காரவேண்டாம்.

தலை அலசும் தொட்டியில் பேச்சு சுருக்கம். "இஸ் தி வாட்டர் ஓகே ஃபார் யூ?" என்பதற்கு, சூடு தாங்காவிட்டால் "எ பிட் டூ ஹாட்" என்றால் போதும். பல்லைக் கடித்துக்கொண்டு "ஓகே" என்று சொல்வது நம்மவர்களின் வழக்கம்.

பிறகு வெட்டும் நேரம் முழுவதும் அரட்டை. "கோயிங் எனிவேர் நைஸ் ஃபார் யுவர் ஹாலிடேஸ்?" என்ற கேள்வி பிரிட்டிஷ் சலூன்களின் தேசிய கீதம். ஊருக்குப் போகும் திட்டம் இருக்கிறதோ இல்லையோ, "மே பி டு இந்தியா, டு சீ மை பேரண்ட்ஸ்" என்று சொன்னால் அடுத்த பத்து நிமிடத்துக்கு அவரே பேச்சை நடத்திவிடுவார். பேச விருப்பமில்லாவிட்டால் "டூ யூ மைண்ட் இஃப் ஐ ஜஸ்ட் ரிலாக்ஸ்?" என்பது நாகரிகமான கதவடைப்பு. ஆங்கில உச்சரிப்பை எண்ணிக் கூசுகிறவர்களுக்கு ஒரு தகவல்: 1960களில் உலகத்தின் வெட்டு முறையையே மாற்றிய விடால் சஸூன், கிழக்கு லண்டனின் காக்னி பேச்சோடு வளர்ந்ததால் மேட்டுக்குடிச் சலூன்களில் வேலை கிடைக்காமல், பேச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போய் உச்சரிப்பைத் திருத்திக்கொண்ட பிறகே அந்தக் கதவுகள் அவருக்குத் திறந்தன. அந்த நாட்டில் கத்தரி பிடித்தவரும் மொழிக்குச் சுங்கம் கட்டியிருக்கிறார்.

படம் காட்டுவது நல்ல வழிதான், ஆனால் அரைவழி. கொரிய நடிகையின் வழுக்கும் நேர்முடியைக் காட்டிவிட்டு நமது அலை முடியில் அதை எதிர்பார்க்க முடியாது. இந்தக் கடையில் படத்தைப் பார்த்ததும் "வாட் டூ யூ லைக் அபவுட் இட்?" என்று கேட்கிறார்கள்: நீளமா, நெற்றி முடியா, பருமனா எது பிடித்தது என்று. பிடிக்காததையும் கேட்டால் இன்னும் நன்றாக இருக்கும். என் அனுபவத்தில், நமக்கே முன்பு ஒருமுறை நன்றாக அமைந்த வெட்டை முன், பக்கம், பின் என்று எடுத்துவைத்த படங்கள் எந்த நடிகையின் படத்தையும்விட உதவுகின்றன.

வெட்டு முடிந்ததும் பின்னால் கைக்கண்ணாடியைப் பிடித்து "ஹவ் இஸ் தட் ஃபார் யூ?" என்பார்கள். பிரிட்டிஷ்காரர்களே இந்தக் கேள்விக்கு உண்மை பேசுவதில்லை. உள்ளுக்குள் அழுதுகொண்டு "லவ்லி, தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் புலம்புவது அவர்களின் பண்பாடு. நாம் அதைப் பின்பற்றத் தேவையில்லை. திருத்தச் சொல்வதற்கான நேரம் அதுவே. தொழில்காரர்கள் அதற்காகத்தான் கண்ணாடியைக் காட்டுகிறார்கள். "குட் யூ டேக் எ பிட் மோர் ஆஃப் ஹியர்?" என்று இடத்தைத் தொட்டுக் காட்டினாலோ, "திஸ் சைட் ஃபீல்ஸ் ஹெவியர்" என்று சொன்னாலோ இந்தக் கடையில் முகம் சுளிக்காமல் மீண்டும் சீப்பை எடுக்கிறார்கள். என் கணவருக்குக் கிருதா ஏற்றத்தாழ்வாக இருந்தபோது, அவர் வாய் திறப்பதற்கு முன்பே துருக்கிக்காரர் இரண்டு கட்டை விரல்களையும் காதருகே வைத்து அளந்துபார்த்துச் சரிசெய்துவிட்டார்.

இனிக் குறைகள். சனிக்கிழமைகளில் உலர்த்திகளின் இரைச்சலும் பாட்டும் சேர்ந்து, கண்ணாடிக்குள் தெரியும் உதட்டசைவைப் பார்த்துத்தான் கேள்வியைப் புரிந்துகொள்ளவேண்டியிருக்கிறது. ஆங்கிலம் கைவரப்பெறாதவர்களுக்கு அது பெரிய தடை. செவ்வாய், புதன் காலைகள் அமைதியாக இருக்கும், மாணவர் சலுகையும் அந்த நாட்களில்தான். இரண்டாவது, இளையவர்களிடம் கன்சல்டேஷன் சடங்காகச் சுருங்கிவிடுகிறது. முதல்முறை போகிறவர்கள் சில பவுண்டு அதிகம் கொடுத்தாவது மூத்தவரைக் கேட்டு வாங்குவதே நல்லது. மூன்றாவது, பணம் கட்டும் இடத்தில் ஷாம்பு, சீரம் என்று விற்கப் பார்ப்பார்கள்; "ஐ ஆம் ஃபைன் ஃபார் நவ், தேங்க்ஸ்" என்றால் வற்புறுத்த மாட்டார்கள். டிப்ஸ் கட்டாயமில்லை, பத்து விழுக்காட்டை ஒட்டி, வெட்டியவர் கையிலேயே கொடுப்பது வழக்கம்.

போகும்போது மறக்காமல் வெட்டியவரின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முன்பதிவில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. வாடிக்கையாளரின் முடிக்கு என்ன செய்தோம் என்பதை இந்தக் கடையில் கணினியில் எழுதிவைக்கிறார்கள். ஆனால் அந்தக் குறிப்பில் இருப்பது பெரும்பாலும் சாயத்தின் எண்ணும் நேரமும்தான், வெட்டைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. ஆகவே "சேம் அஸ் லாஸ்ட் டைம்" என்று சொல்லி முடித்துக்கொள்ளாமல், நீளத்தையும் எண்ணையும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதே பாதுகாப்பு.